பதிவேட்டில் இல்லாத ஒரு மணி நேரம்

போன பதிவில் முழங்கால் வலி என்று எழுதியதற்கு ஆளுக்கொரு எண்ணெய் சொல்லியிருந்தீர்கள். எண்ணெய் கேட்கிறதோ இல்லையோ, நீங்கள் விசாரித்ததே பாதி வலியைக் குறைத்துவிட்டது.

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பலர் இன்று நாலு பேரை வைத்து வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவன் போன் செய்தான். 1998-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பெயரைச் சொல்ல மாட்டேன். வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் உடனே தண்ணீர் குடிக்கப் போகிறவன் என்றால் அவன் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

"டீச்சர், என் லைன்ல நாப்பது பேரு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்கள்ல பதினோரு பேரு திரும்பி வரல. இருக்கிறவங்களும் நேரத்துக்கு வர்றதில்ல. லேட்டா வந்தா காசைப் பிடிக்கலாமா, இல்ல லீவு போடாம வர்றவங்களுக்குப் பரிசு குடுக்கலாமான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. எங்களையெல்லாம் மேய்ச்சவங்க நீங்க. நீங்களே சொல்லுங்க."

"ஒரு வாரம் கொடுப்பா, யோசித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. பதில் தெரியும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

நான் மேலாண்மை படித்தவள் இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சிதான் என் படிப்பு. குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்தார்கள், கரும்பலகையில் எழுதும் முறை சொல்லிக் கொடுத்தார்கள். கூட வேலை பார்க்கும் பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு பாடமும் இல்லை. 1984-ல் வேலைக்குச் சேர்ந்தேன். 2006-ல் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனேன். வெள்ளிக்கிழமை வரை நான்காம் வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை முதல் நான்கு ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று எல்லோரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய டீச்சர். நாற்காலி மாறியது. எனக்குள் ஒன்றும் மாறவில்லை. பெரியவர்களையும் பிள்ளைகளைப் போலவே நடத்தினால் போதும் என்று நினைத்தேன். இன்னும் சரியாகச் சொன்னால், என் பிள்ளைகளை நடத்திய அளவுக்குக்கூட அவர்களை நடத்தவில்லை.

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். செயல்வழிக் கற்றல் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருந்த காலம் அது. அட்டைகள், ஏணிப்படி, பாயில் பிள்ளைகளோடு கீழே உட்கார்ந்து பாடம். என் வயதுக்காரர்கள் முணுமுணுத்தோம். அவர் மட்டும் சந்தோஷமாக உட்கார்ந்தார். சாயங்காலம் 4.10-க்கு நீண்ட மணி அடித்ததும் நாங்கள் எல்லோரும் பையை எடுப்போம். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஏழெட்டுப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஐந்தேகால், ஐந்தரை வரை வாசிக்க வைப்பார். யாரும் சொல்லவில்லை, எந்த உத்தரவும் இல்லை. தினமும் நடந்ததால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

2009 ஜூன் மாதம் அவர் தாமதமாக வர ஆரம்பித்தார். பள்ளி 9.10-க்கு. அவர் வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரைக்கு வருவார். பஸ்ஸை விட்டுவிட்டேன் என்பார். அந்த நேரம் பார்த்து ஒரு நாள் காலையில் அதிகாரி பார்வைக்கு வந்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் டீச்சர் இல்லை. எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வியில் எனக்கு முகம் சிவந்துவிட்டது.

மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். மறுநாள் அந்த டீச்சர் உள்ளே வந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, அவர் கண் முன்னால் சிவப்பு மையில் குறித்தேன். அந்த வாரம் ஆசிரியர் கூட்டத்தில், சத்துணவுக்காரர்களும் நின்றுகொண்டிருக்கும்போது, "சம்பளம் ஒன்பது பத்துக்கே ஆரம்பிச்சிடுது, சில பேருக்குத்தான் அது தெரியல" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை 8.50-க்கே வந்து நின்றார். அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் இருந்தவரை ஒரு நாள்கூடத் தாமதமாக வரவில்லை. எனக்கு வெற்றி.

அன்று சாயங்காலம் 4.10-க்கு மணி அடித்ததும் அவரும் பையை எடுத்தார்.

அந்தப் பிள்ளைகள் வழக்கம்போல வேப்பமரத்தடிக்குப் போய்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மூன்று நாள் அப்படி உட்கார்ந்தார்கள். ஒரு பையன் என் அறை வாசலில் வந்து நின்று, "பெரிய டீச்சர், எங்க டீச்சர் இனிமே வர மாட்டாங்களா?" என்று கேட்டான். "நானே சொல்லித் தர்றேன் வாங்க" என்றேன். ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் புள்ளிவிவரம் கேட்டார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், பதிவேடுகள் குவிந்தன. பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவரிடம் போய், "ஏம்மா சாயங்காலம் இருக்க மாட்டேங்கிற?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. எந்த விதியைச் சொல்லிக் கேட்பது? 9.10-க்கு வா என்று சொல்ல என்னிடம் விதி இருந்தது. 4.10-க்கு மேல் இரு என்று சொல்ல விதி கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அவராக மனமுவந்து கொடுத்தது. கொடுத்ததை நான்தான் நிறுத்த வைத்தேன்.

அடுத்த ஆண்டு மாறுதல் கலந்தாய்வுக்கு அவர் விண்ணப்பம் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போதுதான் காரணத்தைப் படித்தேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. கணவர் வெளிநாட்டில். காலையில் அந்த அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டு ஓடி வந்தால் எட்டு மணி பஸ் போயிருக்கும். நான் திட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துக் காலை வேலைக்கு வைத்திருக்கிறார். ஒரு வருஷம் என் கண் முன்னால் இருந்தவருடைய வீட்டு நிலைமையை ஒரு விண்ணப்பத் தாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் சொல்லவில்லை என்பது உண்மை. நான் கேட்கவில்லை என்பதும் உண்மை.

2018-ல் என் பணி நிறைவு விழாவுக்கு அவர் வந்திருந்தார். சால்வை, சந்தன மாலை எல்லாம் முடிந்து பந்திக்குப் போகும் நேரம். தனியாக அழைத்து, "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லேட்டா வந்தது என் தப்புதான் டீச்சர். நீங்க திட்டினதுகூடப் பெரிசில்ல. இருபது நிமிஷம் லேட்டா வந்ததை எழுத உங்க ரிஜிஸ்டர்ல இடம் இருந்துச்சு. ஒரு மணி நேரம் லேட்டாப் போனதை எழுத இடமே இல்ல. அதுதான் மனசு விட்டுப்போச்சு."

முப்பத்து நான்கு வருஷ வேலையில் எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அது.

பிற்பாடு என் மகள் எம்.பி.ஏ. படித்தபோது வாங்கி வைத்த புத்தகங்களைப் பொழுதுபோக்காகப் புரட்டினேன். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். அவரும் உடன் இருந்தவர்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, "வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், மிகவும் கசந்துபோன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். 1959-ல் அது புத்தகமாக வந்தது. கசப்புக்குக் காரணமாக அதிகம் வந்தவை நிர்வாகத்தின் விதிகள், மேலாளர் நடத்தும் விதம், சம்பளம், வேலையிடத்தின் நிலை. சந்தோஷத்துக்குக் காரணமாக அதிகம் வந்தவை வேறு: ஒன்றைச் செய்து முடித்தது, அதை மற்றவர் கவனித்துச் சொன்னது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பைக் கொடுத்தது. முதல் பட்டியலைச் சரி செய்தால் புகார் குறையும். உற்சாகம் வர வேண்டுமென்றால் இரண்டாவது பட்டியலையும் பார்க்க வேண்டும் என்பது அவர் சொன்ன கருத்து. நான் அந்த டீச்சரிடம் ஒரே வாக்கியத்தில் முதல் பட்டியலிலும் தவறு செய்தேன், இரண்டாவதிலும் தவறு செய்தேன்.

பரிசு கொடுக்கலாமா என்று கேட்டான் இல்லையா, அதற்கும் ஒரு கதை உண்டு. நான் இளம் டீச்சராக இருந்தபோது, வகுப்பு நூலகப் புத்தகம் ஒன்று படித்தால் ஓர் ஆரஞ்சு மிட்டாய் என்று அறிவித்தேன். ஒரே வாரத்தில் அலமாரி காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு கவனித்தால், எல்லோரும் மெல்லிய புத்தகமாகத் தேடி எடுக்கிறார்கள். முன்பு தடிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படம் பார்த்து, பக்கத்தில் இருப்பவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த பெண்ணும் மெல்லிய புத்தகத்துக்கு மாறிவிட்டாள். மிட்டாய் வாங்கக் காசு தீர்ந்த மாதம் அலமாரிப் பக்கம் யாரும் போகவில்லை.

இதே விஷயத்தை அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் ஆராய்ந்து 1973-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள். கலர் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ளவர்கள். சிலரிடம் "படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே பரிசு பேசிய பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே தாமாகப் படம் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. ஆசையாகச் செய்ததற்கு விலை பேசினால், விலை நின்ற அன்று ஆசையும் நின்றுவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு யாரும் சம்பளத்தைக் குறைக்கக் கிளம்பிவிடாதீர்கள்! கூலி வேறு, மிட்டாய் வேறு. செய்த வேலைக்குக் கூலி என்பது அவர்களுடைய உரிமை. அதைக் கொடுத்துவிட்டுத்தான் மற்ற எதையும் பேச வேண்டும்.

விண்ணப்பத் தாளில் அடி வாங்கிய பிறகு நான் கொஞ்சம் மாறினேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். 2012 வாக்கில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டைப் பாதிக்கு மேல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய நானாக இருந்தால் சமையல் அம்மாவைக் கூப்பிட்டு, "ருசியா சமைக்கத் தெரியாதா?" என்று கேட்டிருப்பேன். இந்த முறை, "பிள்ளைங்க கொட்டுதுங்க. என்ன காரணம்னு எனக்குத் தெரியல. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. பாத்துச் சொல்றீங்களா?" என்றேன்.

அந்த அம்மா நான்கு நாள் தட்டுக் கழுவும் இடத்திலேயே நின்று பார்த்தார். ஐந்தாம் நாள் வந்தார். "டீச்சர், சின்னதுங்க வரிசையில கடைசி. அதுங்களுக்கு வர்றப்ப சோறு ஆறிப்போயிடுது. பெரிய பிள்ளைங்க தின்னுட்டு விளையாடப் போறதைப் பாத்ததும் இதுங்களும் கொட்டிட்டு ஓடுது. அதுங்களுக்கு மட்டும் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி மணி அடிங்க" என்றார். மறுநாளிலிருந்து அப்படியே செய்தோம். கொட்டுவது நின்றுவிட்டது என்றே சொல்லலாம். பிரார்த்தனைக் கூட்டத்தில், "இது நம்ம சமையல் அம்மா கண்டுபிடிச்சது" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எது முகம் வாடியிருக்கிறது என்று அவராகவே வந்து சொல்ல ஆரம்பித்தார். கால்வயிறோடு வந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டுக் கஷ்டம் அவர் வாயிலாகத்தான் எனக்குத் தெரிந்தது.

இனி திருப்பூர்ப் பிள்ளைக்கு என் பதில்.

முதலில், வராமல் போன பதினோரு பேருக்கும் நீயே போன் போடு. "ஏன் வரல?" என்று அதட்டாதே. "நம்ம லைன்ல என்னப்பா சரியில்ல?" என்று கேள். போனவர்களுக்கு உன்னிடம் பயம் இல்லை, உண்மையைச் சொல்வார்கள். சனிக்கிழமைச் சம்பளக் கணக்கில் குறைகிறதா, கழிப்பறை போக விடுவதில்லையா, ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துவிட்டு இரவில் வீட்டுக்குப் போகப் பஸ் இல்லையா, அல்லது நீ பேசும் பேச்சா? கடைசிக் காரணத்தைச் சொன்னாலும் கோபப்படாமல் எழுதிக்கொள்.

அடுத்து, தாமதமாக வருகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். நாற்பது பேர் முன்னால் கேட்டால் "பஸ்ஸை விட்டுட்டேன்" என்ற பதில்தான் வரும். காரணம் தெரிந்த பிறகும் தாமதம் தாமதம்தான், அதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். விதி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சோம்பேறித்தனத்தால் வராதவனை விட்டுவிட்டால் ஒழுங்காக வருகிறவன் மனம் நோகும். ஆனால் விதியைக் கையில் எடுக்கும் முன் ஒரு முறை கேட்டுவிடு.

கடைசியாக, ஒரு சின்ன நோட்டு வாங்கு. அதில் குறையை எழுதாதே, அதற்குத்தான் கம்பெனியில் கம்ப்யூட்டரே இருக்கிறது. புதிதாக வந்த பெண்ணுக்கு ஓவர்லாக் மெஷின் கற்றுக் கொடுத்தது யார், பக்கத்து மெஷினில் நூல் அறுந்தால் எழுந்து போய் மாட்டிக் கொடுப்பது யார், செக்கிங்குக்குப் போகும் முன்பே தையல் தவறைக் கண்டுபிடித்துச் சொன்னது யார் என்று எழுது. வாரத்துக்கு ஒரு முறை அவரிடம் போய், இன்ன நாள் இன்னது செய்தாய், நான் பார்த்தேன் என்று சொல். சும்மா "சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகாதே. பரிசு கொடுக்கத் தோன்றினால் சொல்லாமல் கொடு.

இதெல்லாம் செய்தால் நாற்பது பேரும் திங்கட்கிழமையே நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் உன் லைனிலும் ஒரு வேப்பமரத்தடி இருக்கும். உனக்குத் தெரியாமல் யாரோ ஒருவர் தன் மனதால் செய்துகொண்டிருக்கும் வேலை. அதை முதலில் கண்டுபிடி. ஒருவர் மனதில் புதிதாக உற்சாகத்தைக் கொண்டுவருவது கஷ்டம். இருப்பதை அணைக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கதை என் பணி நிறைவு விழாவோடு முடியவில்லை. 2023-ல் ஒரு நாள் பென்ஷன் பணம் எடுக்க வங்கிக்குப் போயிருந்தேன். இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பையன் பக்கத்தில் வந்து, "பெரிய டீச்சர்தானே?" என்றான். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் அறை வாசலில் நின்று, எங்க டீச்சர் வர மாட்டாங்களா என்று கேட்ட அதே பையன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டானாம். லாரியில் கிளீனராகப் போகிறானாம். நல்லபடியாக விசாரித்தான், என் பையை வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, பணம் எடுக்கும் சீட்டை என்னிடம் நீட்டி, யாருக்கும் கேட்காதபடி, "டீச்சர், இதைக் கொஞ்சம் எழுதித் தர்றீங்களா?" என்றான்.

எழுதிக் கொடுத்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். அவன் நன்றி சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றான். அந்த ஒரு மணி நேரம் தொடர்ந்திருந்தால் அவன் கட்டாயம் படித்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. படித்திருக்க மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்துக்கான விலையை நானும் கொடுக்கவில்லை, அந்த டீச்சரும் முழுதாகக் கொடுக்கவில்லை. அந்தப் பையன் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மேலே இருப்பவர் ஒருவர் மனதை ஒடித்தால் அந்த அடி பெரும்பாலும் அந்த இடத்திலேயே இல்லாத யார் மீதோ போய் விழுகிறது. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார்.

நேற்று அவனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திங்கக்கிழமை முதல் போனைப் போடுறேன் டீச்சர்" என்றான். என்ன ஆயிற்று என்று வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். வாய்ப்பாட்டைப் போல இதற்கும் தண்ணீர் குடிக்கப் போய்விடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. உங்களிடம் வேலை பார்ப்பவர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரிய டீச்சர்